தலையில்லா எலும்புக்கூடும் தகைசால் அறிஞரும்

தமிழ் பயில்வோரும் பயிற்றுவோருமாகிய நாம், சிதைந்த ஏட்டுச்சுவடியின் அருமையை நன்கறிவோம். செல்லரித்த ஓலைகள், முதலும் முடிவும் இல்லாத பாட்டு, நடுவே சில சீர்கள் மட்டும் எஞ்சி நிற்கும் அடிகள். அத்தகைய ஏட்டைக் கையிலெடுக்கும் பதிப்பாசிரியர் முன் இரு வழிகள் உள்ளன. விடுபட்ட இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிவிடலாம், படிப்போர் மகிழ்வர். அன்றி, அவ்விடங்களில் புள்ளியிட்டுவிட்டுக் கிடைத்ததை மட்டும் பதிப்பிக்கலாம்; படிப்போர் சற்றே முகஞ்சுளிப்பர். ஆயினும் பின்வருவோர்க்குப் பயன்படுவது இரண்டாம் வழியேயாகும்.

ஏறத்தாழ இதே நிலையில், 1858-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் ஓர் அறிஞர் நின்றார். அவர் கையில் இருந்தவை ஓலைகள் அல்ல, கல்லாகிப்போன எலும்புகள். எட்டுக்கோடி ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்து மறைந்த ஒரு பெருவிலங்கின் எலும்புகள். உடல் கிடைத்தது, தலை கிடைக்கவில்லை. அந்த அறிஞர் தலைக்குரிய இடத்தில் புள்ளியிட்டார். அவரே ஜோசப் லைடி. வாத்தின் அலகைப் போன்ற வாயினை உடைய தாவர உண்ணி டைனோசர் இனத்தை உலகுக்கு அறிமுகம் செய்த அவருடைய வாழ்வை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜோசப் லைடி 1823-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் பிலடெல்பியாவில் பிறந்தார். தந்தையார் பிலிப் லைடி தொப்பி செய்து விற்கும் தொழிலர். தாயாரை லைடி தம் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பின்னர்த் தந்தையார் அவ்வம்மையாரின் உறவினரான கிறிஸ்டியானாவை மணந்தார். சிற்றன்னை என்றால் கொடுமை என்று கதைகள் கேட்டுப் பழகிய நமக்கு இந்த அம்மையாரின் வரலாறு வியப்பளிக்கும். லைடியை லைடியாக ஆக்கியவர் அவரே எனின் மிகையாகாது.

சிறுவன் லைடிக்குப் பள்ளிப்பாடத்தைக் காட்டிலும் கிளிஞ்சல்களிலும் செடிகொடிகளிலும் கற்களிலுமே நாட்டம் மிகுதி. பத்து வயதில் சிப்பிகளையும் சங்குகளையும் வரைந்து பெயரெழுதிய அவருடைய படச்சுவடி இன்றும் காக்கப்படுகிறது. பிள்ளையின் கைத்திறனைக் கண்ட தந்தையார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் அவரைச் சேர்க்க எண்ணினார். நல்ல வருவாய் தரும் தொழில்தான். ஆனால் கிறிஸ்டியானா அம்மையார் இசையவில்லை. பிள்ளை மருத்துவம் பயில வேண்டும் என்று உறுதியாக நின்று தம் எண்ணத்தை நிறைவேற்றினார். 1844-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைடி மருத்துவப் பட்டம் பெற்றார். முதுகெலும்புள்ள விலங்குகளின் கண்களை ஒப்பிட்டு ஆராய்ந்ததே அவருடைய பட்ட ஆய்வேடு.

மருத்துவத் தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. விரைவிலேயே அதனைக் கைவிட்டு உடற்கூற்றியல் ஆய்விலும் கற்பித்தலிலும் முழுமையாக ஈடுபட்டார். 1845-இல் பிலடெல்பியா இயற்கை அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1853-இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே உடற்கூற்றியல் பேராசிரியரானார். இவ்விரண்டு இடங்களையும் அவர் இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

நுண்ணோக்கியும் கூர்நோக்கும்

லைடியின் பெருமைக்கு அடிப்படை அவருடைய கண். பிறர் கண்டும் காணாமற் செல்வதை அவர் நின்று நோக்குவார். 1846-இல் தம் உணவுத்தட்டில் இருந்த பன்றியிறைச்சித் துண்டில் சிறுசிறு வெண்புள்ளிகளைக் கண்டார். உண்பதை நிறுத்தி, அத்துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மனிதத் தசையில் சில ஆண்டுகளுக்குமுன் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட நுண்புழுக்களே அப்புள்ளிகளில் சுருண்டு கிடந்தன. அப்புழு மனித உடலுக்குள் எவ்வாறு புகுகிறது என்பதனைப் பின்னர் ஜெர்மானிய மருத்துவர்கள் தெளிவுபடுத்தினர். அதற்கு வழிகாட்டியது லைடியின் உணவுத்தட்டு.

அதே காலத்தில் ஒரு கொலை வழக்கும் அவரிடம் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவன், தன் உடையிலும் கோடரியிலும் இருந்தது கோழி இரத்தம் என்றான். பறவைகளின் குருதிச் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு; மனிதனின் முதிர்ந்த சிவப்பணுக்களில் அது இல்லை. லைடி நுண்ணோக்கியில் நோக்கினார், உட்கருவைக் காணவில்லை. குற்றவாளி உண்மையை ஒப்புக்கொண்டான்.

தொல்லுயிர் ஆய்விலும் இதே கூர்நோக்கே அவருக்குத் துணையாயிற்று. ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவரும்வரை அமெரிக்க மண் குதிரையையே கண்டதில்லை என்பது அக்காலத்தவர் நம்பிக்கை. நெடுங்காலத்திற்கு முன்பே அம்மண்ணில் குதிரைகள் வாழ்ந்து அடியோடு அழிந்தன என்பதை 1847-இல் புதைபடிவப் பற்களைக் கொண்டு லைடி நிறுவினார். 1856-இல், மேற்குப் பகுதியில் ஜூடித் ஆற்றங்கரையில் நில ஆய்வாளர் ஹெய்டன் திரட்டி அனுப்பிய சில பற்களை ஆராய்ந்து பெயரிட்டார். அமெரிக்காவில் டைனோசர் எனப் பெயர்பெற்ற விலங்குகள் குறித்து வெளிவந்த தொடக்க ஆய்வுகளுள் அது முதன்மையானது. அவற்றுள் டிராகோடான் என்று அவர் பெயரிட்ட பற்களுள் சில, பின்னாளில் வாத்தலகு இனத்தைச் சேர்ந்தவை என அறியப்பட்டன. ஆனால் பல்லை மட்டும் கொண்டு உடலை எவ்வாறு காண்பது? உடலின் வரவை அவர் எதிர்நோக்கியிருந்தார். அது வெகுதொலைவிலிருந்து வரவில்லை. ஆற்றைக் கடந்தால் அடுத்த ஊரிலேயே புதைந்து கிடந்தது.

ஹேடன்ஃபீல்டு ஊர்ப் பள்ளம்

பிலடெல்பியாவுக்கு எதிரே, டெலவேர் ஆற்றுக்கு அப்பால், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேடன்ஃபீல்டு என்னும் ஊர் உள்ளது. அப்பகுதியில் நிலத்தடியில் கிடைக்கும் ஒருவகைக் களிமண்ணை உழவர்கள் தோண்டியெடுத்து வயலுக்கு உரமாக இடுவது வழக்கம். 1838-ஆம் ஆண்டளவில் ஜான் எஸ்டா ஹாப்கின்ஸ் என்பவரின் நிலத்தில் அவ்வாறு தோண்டியபோது பெரிய பெரிய எலும்புகள் வெளிப்பட்டன. அவர் அவற்றை வீட்டில் வைத்திருந்தார். வந்தவர்கள் வியந்து கேட்டபோதெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்பினார். நல்லுள்ளத்தோடு செய்த கொடைதான். ஆயினும், அறியாமையால் அள்ளிக் கொடுக்கப்பட்ட அவ்வெலும்புகள் எவர் வீட்டு மூலையில் முடங்கினவோ? அவற்றுள் ஒன்றுகூட அறிவுலகுக்குத் திரும்பவில்லை. அடுப்பிலும் ஆற்றிலும் நம் ஏடுகள் பட்ட பாட்டை இது நமக்கு நினைவூட்டுகிறது.

இருபது ஆண்டுகள் கடந்தன. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் வில்லியம் பார்க்கர் ஃபௌல்க் என்னும் வழக்கறிஞர் ஹேடன்ஃபீல்டில் வந்து தங்கினார். அடிமை முறையை எதிர்த்தவர். சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்தவர். இயற்கை அறிவியற் கழகத்தின் உறுப்பினருமாவார். ஹாப்கின்ஸ் அவருக்கு அண்டை வீட்டார். இருவரும் உரையாடியபோது பழைய எலும்புகள் பற்றிய பேச்சு எழுந்தது. பலர் கேட்டு வியந்துவிட்டுப் போன அச்செய்தியைக் கேட்ட ஃபௌல்க், தோண்டிய இடம் எது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே வரலாற்றைத் திருப்பியது. பள்ளமோ தூர்ந்து புதர் மண்டிக் கிடந்தது. ஹாப்கின்ஸின் இசைவோடு ஆட்களை அமர்த்தி அவர் தோண்டச் செய்தார். ஏறத்தாழப் பத்தடி ஆழத்தில் எலும்புகள் தென்பட்டன. செய்தியறிந்த லைடியும் நேரில் சென்று கண்டார்.

முதுகெலும்புக் கண்ணிகள் இருபத்தெட்டு; ஒரு முன்காலின் எலும்புகள்; ஒரு பின்காலின் எலும்புகள்; இடுப்பெலும்பின் பகுதிகள்; தாடையின் துண்டுகள்; சில பற்கள். அதுவரை உலகில் கிடைத்த டைனோசர் எச்சங்களுள் இவையே மிகுதியும் நிறைவானவை. எவ்வளவு தேடியும் மண்டையோடு மட்டும் அகப்படவில்லை.

எலும்புகள் சொன்னவை

1858 டிசம்பர் 14-ஆம் நாள் கழகக் கூட்டத்தில் அவ்வெலும்புகள் முன்வைக்கப்பட்டன. லைடி அவற்றை விளக்கினார். விலங்குக்கு ஹாட்ரோசாரஸ் ஃபௌல்கி என்று பெயரிட்டார். பருத்த பல்லி என்பது முற்சொல்லின் பொருள்; பிற்சொல் ஃபௌல்கின் பெயரால் அமைந்தது. தமக்குரிய புகழைக் கண்டெடுத்தவருக்குப் பகிர்ந்தளித்த பண்பு ஈண்டு எண்ணத்தக்கது.

அக்காலத்தில் டைனோசர் பற்றிய அறிவு எந்நிலையில் இருந்தது என்பதனையும் நாம் அறிதல் வேண்டும். அச்சொல்லையே இங்கிலாந்தின் ரிச்சர்டு ஓவன் 1842-இல்தான் உருவாக்கினார். துண்டுதுண்டான எலும்புகளைக் கொண்டு, அவ்விலங்குகள் யானையைப் போலவும் காண்டாமிருகத்தைப் போலவும் நான்கு கால்களும் தூண்களாக நிற்க நடந்தவை என்று அவர் கருதினார். 1854-இல் இலண்டனுக்கு அருகே சிடன்ஹாமில், வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி அக்கருத்துக்கேற்பப் பேருருவச் சிலைகளை அமைத்தார். மக்கள் திரண்டு கண்டனர். ஓவனின் கருத்தே உலகின் கருத்தாயிற்று.

லைடியின் முன்னே கிடந்த எலும்புகளோ வேறொன்று கூறின. முன்கால் எலும்பு சிறிது. பின்கால் எலும்போ அதனினும் மிகப் பெரிது. ஒரே இடத்தில் ஒருசேரக் கிடந்த இவை ஒரே விலங்கினுடையவை எனின், அவ்விலங்கு நான்கு தூண்களின்மேல் நின்றிருக்க இயலாது. ஆகவே, பின்கால்களையும் வாலையும் ஊன்றிக் கங்காருவைப்போல நிமிர்ந்து நின்று அது இலைகளை மேய்ந்திருக்கலாம் என்று லைடி கருதினார். பற்களின் அமைப்பு இங்கிலாந்தின் தாவர உண்ணியான இகுவானடானை ஒத்திருந்தமையால், இதுவும் தாவர உண்ணியே என்றார். எலும்புகள் கிடைத்த மண் கடலடி மண். உடன் கிடைத்தவை கடற்சிப்பிகள். ஆயினும் இவ்விலங்கு கடலில் வாழ்ந்ததன்று. ஆற்றங்கரையில் வாழ்ந்து மடிந்த அதன் உடலை வெள்ளம் கடலுக்கு இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்றும் உய்த்துணர்ந்தார்.

இம்முடிபுகளை அவர் சொன்ன முறையே நம் கருத்தைக் கவர்கிறது. உறுதியானதை உறுதியாகவும், கருதத்தக்கதைக் கருத்தாகவும் பிரித்துரைத்தார். முழு விளக்கம், அமெரிக்க நாட்டின் அக்காலப் படுகைகளில் கிடைத்த ஊர்வன பற்றி 1865-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் படங்களோடு இடம்பெற்றது. அந்நூல் அச்சேறுவதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டு முடிந்தது. போர்க்காலத்தில் பிலடெல்பியாவின் சாட்டர்லீ படை மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். இறந்த வீரர்களின் உடல்களை ஆய்வு செய்யும் துயரப் பணி அவர் பங்காயிற்று. 1864-இல் அன்னா ஹார்டன் என்னும் அம்மையாரை மணந்தார். மகப்பேறு வாய்க்காத அவ்விணையர் பெற்றோரை இழந்த ஒரு பெண் குழந்தையைத் தம் மகளாக வளர்த்தனர்.

எழுந்து நின்ற எலும்புக்கூடு

1868-இல் சிற்பி ஹாக்கின்ஸ் அமெரிக்கா வந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குமுன் நாற்கால் உருவங்களைச் சமைத்த அதே கைகள், இப்போது லைடியின் கருத்துப்படி இருகால் உருவத்தைச் சமைக்க முன்வந்தன. இல்லாத எலும்புகளைச் சாந்தினால் வார்த்து, இரும்புச் சட்டத்தில் பொருத்தி, கழகத்தின் காட்சிக்கூடத்தில் ஹாட்ரோசாரஸை நிறுத்தினார். உலகிலேயே பொதுமக்கள் காணுமாறு எழுப்பி நிறுத்தப்பட்ட முதல் டைனோசர் எலும்புக்கூடு அதுவே.

மக்கள் கூட்டம் அலைமோதியது. 1869-ஆம் ஆண்டில் கண்டோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. கூட்டத்தைத் தாங்க இயலாமல் கழகம் திணறியது. 1876-இல் பெரியதொரு கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. எலும்புக்கூட்டின் வார்ப்புப் படிகள் பிரின்ஸ்டன், வாஷிங்டன், கடல்கடந்து எடின்பரோ ஆகிய இடங்களிலும் நின்றன. 1878-இல் பெல்ஜிய நாட்டுச் சுரங்கமொன்றில் முழுமையான இகுவானடான்கள் பல கிடைத்து, அவற்றுள் முதலாவது 1882-இல் எழுப்பப்பட்டபோது, அவற்றின் முன்கால்களும் குறுகியே இருந்தன. லைடியின் கணிப்புக்கு அது சான்றாயிற்று.

ஆயினும் நின்ற உருவத்துக்குத் தலை வேண்டுமே? தலையில்லா உருவத்தைக் காட்சிக்கு வைக்க இயலுமோ? ஹாக்கின்ஸ் இக்கால இகுவானாப் பல்லியொன்றின் தலையைப் பார்த்துச் சாந்தினால் ஒரு தலை செய்து பொருத்தினார். சிற்பிக்கு அது தேவை. அறிஞருக்கு அது தேவையில்லை. காட்சிக்கூடத்தில் தலை இருந்தது. லைடியின் நூலில் தலை இல்லை. இந்த வேறுபாட்டை நம் மாணவர்கள் உள்ளத்தில் பதித்துக்கொள்வாராக.

மாணவர் கண்ட தலை

லைடியிடம் உடற்கூற்றியல் பயின்றவர் எட்வர்டு டிரிங்கர் கோப். அறிவாற்றலும் விரைவும் மிக்கவர். அவருக்கும் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆத்னியல் சார்லஸ் மார்ஷுக்கும் இடையே மூண்ட பகை அறிவியல் வரலாற்றில் பெயர்பெற்றது. கடல்வாழ் ஊர்வனவாகிய எலாஸ்மோசாரஸின் எலும்புக்கூட்டைக் கோப் விளக்கியபோது, வாலின் நுனியில் தலையைப் பொருத்திவிட்டார். அதனைத் தவறு என்று 1870-இல் கழகத்தில் எடுத்துக்காட்டியவர் ஆசிரியரான லைடியே. மாணவர் மனம் நோகும் என்பதற்காக உண்மையை அவர் மறைக்கவில்லை. தவறு கண்டார் என்பதற்காக மாணவரை இகழவுமில்லை.

முன்னெல்லாம் மேற்குப் பகுதியில் பணியாற்றிய படை மருத்துவர்களும் நில ஆய்வாளர்களும் தாம் கண்ட எலும்புகளைக் கட்டணமின்றி லைடிக்கு அனுப்பி வந்தனர். கோப்பும் மார்ஷும் செல்வர்கள். அவர்கள் ஆட்களை அமர்த்தினர். விலைகொடுத்து எலும்புகளை வாங்கினர். ஒருவரையொருவர் முந்த எண்ணித் தந்திவழிப் பெயர் சூட்டவும் தலைப்பட்டனர். ஒரே விலங்குக்கு இரண்டு மூன்று பெயர்கள் பெருகின. ஆசிரியர் ஊதியத்தில் வாழ்ந்த லைடியால் இப்போட்டியில் ஈடுகொடுக்க இயலவில்லை. ஈடுகொடுக்க அவர் விரும்பவும் இல்லை. 1873-இல் மேற்குப் பகுதி விலங்குகள் பற்றிய தம் நூலை வெளியிட்டபின், தாமே அமெரிக்க மண்ணில் வேரூன்றச் செய்த துறையிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டார்.

இஃது இழப்பே. இதனை வெற்றி என்று மெருகூட்டிச் சொல்ல நாம் முனையவில்லை. ஒருவர் உழுத நிலத்தில் இருவர் சண்டையிட, உழுதவர் வரப்பைவிட்டு இறங்கிச் சென்றார். ஆனால் அவர் வீணே இருந்தாரில்லை. குளத்து நீரிலும் பாசியிலும் வாழும் ஓரணு உயிர்களை நுண்ணோக்கியில் கண்டு, கண்டபடியே வரைந்து, 1879-இல் பெருநூலொன்றைப் படைத்தார். எவரும் விலைபேச வாராத குளத்து நீரில் அவர் தம் கண்ணுக்கு வேலை கண்டார்.

இந்நிலையில், 1882-இல் டகோட்டாப் பகுதியில் கோப்பின் ஆட்கள் ஹாட்ரோசாரஸின் உறவினமாகிய விலங்கொன்றின் எலும்புக்கூட்டை மண்டையோட்டுடன் கண்டெடுத்தனர். அடுத்த ஆண்டு கோப் அதனை விளக்கினார். வாயின் முன்புறம் தட்டையாக அகன்று வாத்தின் அலகைப்போல இருந்தது. முன்புறத்தில் பற்கள் இல்லை. பின்புறத்திலோ நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக நெருங்கி, தேயத்தேயப் புதியன எழுந்து, இலைகளை அரைக்கும் அம்மிபோல் அமைந்திருந்தன. ஹாக்கின்ஸ் சாந்தினால் செய்த பல்லித்தலை எவ்வளவு தவறானது என்பது அன்று தெளிவாயிற்று. ஆசிரியர் இடம் விட்டு வைத்த தலையை மாணவர் கண்டெடுத்தார். அப்போது ஆசிரியர் உயிரோடிருந்தார். அவருடைய நூலில் திருத்த வேண்டிய தலை எதுவும் இல்லை.

தவறும் நேர்மையும்

லைடியிடம் பிழையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. டிராகோடான் என்று அவர் பெயரிட்ட பற்களுள் வேறொரு விலங்கின் பற்களும் கலந்திருந்தன. கங்காருவைப்போல் வாலை ஊன்றி நின்றது என்னும் கருத்தையும் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. இவ்வினத்து விலங்குகள் வாலைத் தரையில் படாமல் பின்னே நீட்டி, உடலைக் கிடையாக வைத்து நடந்தன என்பதும், இரு காலிலும் நாற்காலிலும் இயங்க வல்லவை என்பதும் இன்றைய முடிபு. 1908-இல் வயோமிங்கில் ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தார் கண்டெடுத்த வாத்தலகு விலங்கொன்றில் தோலின் பதிவே காணப்பட்டது. லைடி கனவிலும் கண்டிராத சான்று அது. ஆனால் கருத்தைக் கருத்தென்றே குறித்துச் சென்றமையால், பின்வந்தோர் அதனை மாற்றியபோது அடிப்படை அசையவில்லை. முன்கால் குறுகியது, பின்கால் நெடியது, உணவு தாவரம், உடல் ஆற்றுவழிக் கடலடைந்தது. இவை இன்றும் நிற்கின்றன. ஹாட்ரோசாரஸ் தனியொரு விலங்குதானா என்று பிற்காலத்தே ஐயம் எழுந்தபோதும், 2011-இல் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்து அப்பெயர் செல்லும் என்றே நிறுவினர். வாத்தலகுக் குலம் முழுமையும் இன்று ஹாட்ரோசார் குலம் என்றே அழைக்கப்படுகிறது.

நிறைவு

1881 முதல் லைடி இயற்கை அறிவியற் கழகத்தின் தலைவராக விளங்கினார். 1884-இல் இலண்டன் நிலவியற் கழகம் லயல் பதக்கமும், 1888-இல் பாரிசு அறிவியற் கழகம் குவியர் பதக்கமும் அளித்துச் சிறப்பித்தன. 1891 ஏப்ரல் 30-ஆம் நாள், பேராசிரியராகவும் தலைவராகவும் பணியிலிருந்தபோதே, பிறந்த நகரிலேயே மறைந்தார். 1907-இல் பிலடெல்பியா மக்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். அது 1929-இல் கழகத்தின் வாயிலுக்கு மாற்றப்பட்டது.

ஹேடன்ஃபீல்டுப் பள்ளத்தை ஊரார் நெடுங்காலம் மறந்தே போயினர். 1984-இல் சாரணச் சிறுவன் ஒருவனின் முயற்சியால் அங்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1991-இல் ஹாட்ரோசாரஸ் நியூ ஜெர்சியின் மாநில டைனோசர் ஆயிற்று. 1994-இல் அவ்விடம் நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2003-இல் ஊர் நடுவே வெண்கலச் சிலையும் எழுந்தது. அச்சிலைக்கு வாத்தலகுத் தலை உண்டு. பிற உறவின விலங்குகளைக் கண்டு வடித்த தலை. ஹாட்ரோசாரஸின் சொந்த மண்டையோடு இன்றுவரை கிடைக்கவில்லை. ஹாப்கின்ஸ் வீட்டு விருந்தினர் எடுத்துச் சென்ற எலும்புகளும் கிடைக்கவில்லை.

ஏடு தேடும் மாணவர்களே, ஆய்வேடு எழுத முனையும் இளையோரே! உங்கள் கையில் வரும் சான்று பெரும்பாலும் தலையற்றதாகவே வரும். சாந்து குழைப்பது எளிது, அரங்கமும் ஆரவாரிக்கும். அந்நேரத்தில், கண்டதை மட்டும் எழுதி, காணாத இடத்தில் புள்ளியிட்டு நிறுத்திய இப்பேராசிரியரை நினைவிற் கொள்வீராக. வீட்டு மூலையில் பழம்பொருள் ஒன்று கிடப்பதாக எவரேனும் சொல்லக் கேட்டால், வியந்துவிட்டுப் போகாமல், எங்கே கிடைத்தது என்று ஃபௌல்கைப் போலக் கேட்பீராக.